ஏற்ற இறக்கம் காரணமாகாது

2024 அக்டோபரில் விக்டர் அம்ப்ரோஸ், கேரி ருவ்குன் இருவருக்கும் மருத்துவ நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட பிறகு ஒரு பேச்சு முன்னைவிட உரக்கக் கேட்கிறது. புற்றுநோயின் பிடி மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற குட்டி மூலக்கூறின் கையில் இருக்கிறதாம். ஏறியதை இறக்கி, இறங்கியதை ஊசி வழியாக நிரப்பிவிட்டால் கட்டி அடங்கிவிடுமாம். ஒரு சொட்டு ரத்தத்தில் இதே மூலக்கூறை அளந்தால் எந்த உறுப்பில் புற்று முளைக்கிறது என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுமாம். மாநாட்டு மேடைகளில் இதைக் கேட்கிறேன். இதழ்களின் நலவாழ்வுப் பக்கங்களில் படிக்கிறேன். முனைவர் பட்ட ஆய்வேடுகளின் முன்னுரையில் வார்த்தை மாறாமல் பார்க்கிறேன். இந்தக் கருத்து தவறு. கொஞ்சம் மிகைப்படுத்திவிட்டார்கள் என்று விட்டுவிடக்கூடிய தவறும் இல்லை, அடித்தளத்திலேயே பிழை. நோபல் குழு பரிசுக்குச் சொன்ன காரணத்தில் புற்றுநோய் இடம்பெறவே இல்லை என்பதையாவது மேடையேறுபவர்கள் கவனித்திருக்கலாம்.

கண்டுபிடிப்பு நடந்தது ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவில். அம்ப்ரோஸின் ஆய்வகத்தில் ரோசலிண்ட் லீயும் ரோண்டா ஃபைன்பாமும் லின்-4 என்ற மரபணுவைத் துருவிக்கொண்டிருந்தார்கள். அது எந்தப் புரதத்தையும் உண்டாக்கவில்லை. வெறும் 22 எழுத்து நீள ஆர்.என்.ஏ. துண்டைத்தான் தந்தது. ருவ்குனின் ஆய்வகமோ லின்-14 என்ற மரபணுவின் தூது ஆர்.என்.ஏ.வின் வாலில் சில வரிசைகள் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒன்றோடொன்று பொருந்தின. 1993-இல் இரு கட்டுரைகளும் ஒரே இதழில் வெளிவந்தன. புழுவின் விசித்திரம் என்று உலகம் அதைக் கடந்துபோனது. 2000-இல் ருவ்குன் குழு கண்ட லெட்-7 புழு முதல் மனிதர் வரை மாறாமல் இருப்பது தெரிந்த பிறகுதான் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

இந்த மூலக்கூறு வேலை செய்யும் விதத்தில்தான் என் மறுப்பின் முதல் காரணம் இருக்கிறது. ஆர்கனாட் என்ற புரதம் அதைப் பிடித்துக்கொண்டு, தூது ஆர்.என்.ஏ.க்களின் வாலில் பொருந்தும் இடம் தேடும். பொருத்தத்துக்கு முக்கியமானவை ஏழெட்டு எழுத்துகள்தான். அவ்வளவு சின்னப் பொருத்தம் நூற்றுக்கணக்கான மரபணுக்களில் கிடைக்கும். மனித மரபணுக்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டவை ஏதோ ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் கட்டுப்பாட்டுக்குள் வருகின்றன என்று 2009-இல் டேவிட் பார்டெல் குழு கணித்தது. சரி, ஒவ்வொன்றையும் எவ்வளவு அடக்குகிறது? 2008-இல் பார்டெல் குழுவும் பெர்லினில் நிகோலஸ் ராஜேவ்ஸ்கி குழுவும் ஆயிரக்கணக்கான புரதங்களை ஒரே நேரத்தில் அளந்து இதற்குப் பதில் தந்தன. ஏராளமான புரதங்கள் குறைகின்றன, ஆனால் ஒவ்வொன்றும் கொஞ்சம்தான். பெரும்பாலானவற்றில் குறைவு இரண்டு மடங்கைக்கூட எட்டவில்லை. நூற்றுக்கணக்கான இடங்களில் அளவைக் கொஞ்சம் கொஞ்சம் சரிசெய்யும் ஒன்றை 'தலைமைச் சுவிட்ச்' என்று அழைக்க இந்த அளவீடுகளில் எந்த ஆதாரமும் இல்லை. இவை வெளிவந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. சுவிட்ச் மட்டும் மேடையை விட்டு இறங்கவில்லை.

அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அதன் பிறப்பிடம் உண்மையானது. நாள்பட்ட லிம்ஃபோசைட் ரத்தப் புற்றுநோய் உள்ளவர்களில் பாதிப் பேருக்கு மேல் 13-ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கும். அந்தத் துண்டில் புற்றை அடக்கும் மரபணு ஒன்று இருக்க வேண்டும் என்று பல ஆண்டுகள் தேடினார்கள். புரதம் தரும் மரபணு எதுவும் குற்றவாளிக் கூண்டில் நிற்கவில்லை. 2002-இல் கார்லோ குரோச்சேயும் ஜார்ஜ் காலினும் அங்கே மிர்-15, மிர்-16 என்ற இரண்டு மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் இருப்பதைக் கண்டார்கள். இந்த இரண்டும் பி.சி.எல்.-2 என்ற புரதத்தை அடக்குகின்றன என்பது 2005-இல் தெரிந்தது. சாக வேண்டிய செல்லைச் சாகவிடாமல் பிடித்துவைப்பது அந்தப் புரதத்தின் வேலை. 2010-இல் எலியில் அதே துண்டை நீக்கிப் பார்த்தபோது அதே மாதிரி நோய் வந்தது. மூன்று படியும் கச்சிதம். இதை நான் மறுக்கவில்லை.

ஆனால் இந்தக் கதையைச் சொல்பவர்கள் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். ஜெர்மனியின் ஹார்ட்மட் டோனரும் உடன் ஆய்வாளர்களும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில் இந்த நோயாளிகளைக் குரோமோசோம் குறைபாட்டின்படி பிரித்துப் பார்த்தார்கள். 17-ஆம் குரோமோசோமில் துண்டு இழந்தவர்களில் பாதிப் பேர் 32 மாதங்களுக்குள் இறந்திருந்தனர். 13-ஆம் குரோமோசோமில் மட்டும் துண்டு இழந்தவர்களுக்கு அந்தக் கணக்கு 133 மாதம். எல்லாப் பிரிவுகளிலும் அதிகக் காலம் வாழ்ந்தவர்கள் அவர்கள்தான். அதாவது மிர்-15, மிர்-16 இரண்டையும் இழப்பது நோயைத் தொடக்கிவைக்கிறது, நோயாளியைக் கொல்லும் வேகத்தைத் தருவது வேறொன்று. பி.சி.எல்.-2 வழியாகச் சிகிச்சையும் வந்தது. 2016-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வெனெட்டோகிளாக்ஸ் மாத்திரை இந்த நோயின் போக்கையே மாற்றியது. அது புரதத்தை அடைக்கும் சாதாரண வேதி மருந்து. இழந்த மைக்ரோ ஆர்.என்.ஏ.வைத் திருப்பித் தரும் வேலை எதையும் அது செய்வதில்லை. பி.சி.எல்.-2 மரபணு 1980களிலேயே வேறொரு நிணநீர்ப் புற்றில் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது, மருந்தும் அந்த வழியில்தான் வந்தது. அந்தப் புரதம் இந்த நோயாளிகளிடம் ஏன் இவ்வளவு குவிந்துகிடக்கிறது என்பதை மைக்ரோ ஆர்.என்.ஏ. விளக்கியது. விளக்கமும் பெரிய காரியம்தான். மருந்து வேறு.

13-ஆம் குரோமோசோமில் சாட்சி சொன்னது டி.என்.ஏ.வே. துண்டு இருந்த இடத்தில் இல்லை. தலைமுறை தலைமுறையாகப் பிரியும் புற்றுச் செல்கள் எல்லாம் அந்த இழப்பைச் சுமக்கின்றன. அதற்குப் பிறகு வந்த ஆயிரக்கணக்கான ஆய்வுகள் இந்த வகைச் சாட்சியைத் தேடவில்லை. கட்டியில் ஒரு துணுக்கு, பக்கத்துத் திசுவில் ஒரு துணுக்கு, இரண்டிலும் மைக்ரோ ஆர்.என்.ஏ. அளவு, எது ஏறியது எது இறங்கியது என்று ஒரு பட்டியல். ஏறியது 'புற்றைத் தூண்டுவது', இறங்கியது 'புற்றை அடக்குவது'. தவளை கத்தியதால் மழை வந்தது என்று எழுதிவைப்பதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை.

இதற்கு ஓர் உதாரணம் போதும், அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். பெருங்குடல் புற்றில் மிர்-143, மிர்-145 இரண்டும் குறைந்திருப்பதாக 2003-இல் முதலில் அறிவிக்கப்பட்டது. அளவீட்டில் தவறில்லை, பல ஆய்வகங்கள் அளந்தும் அப்படியே வந்தது. உடனே இரண்டுக்கும் 'புற்றடக்கி' பட்டம் கிடைத்தது. தட்டில் வளர்த்த புற்றுச் செல்லுக்குள் மிர்-145-ஐ வெள்ளமாகப் பாய்ச்சினார்கள். செல் வளர்ச்சி மந்தமானது. ஒரு மரபணுவைக் காட்டி, இதைத்தான் அடக்குகிறது என்றார்கள். அடுத்தவர் வேறு மரபணுவைக் காட்டினார். நூற்றுக்கணக்கான கட்டுரைகள் வந்தன. 2014-இல் டெக்சாஸில் ஜோஷுவா மெண்டெல் ஆய்வகம் எளிய ஒரு கேள்வியைக் கேட்டது: குடலின் எந்தச் செல்லில் இந்த இரண்டும் இருக்கின்றன? குடலின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் செல்களிலிருந்துதான் புற்று கிளம்புகிறது. அந்தச் செல்களில் இந்த இரண்டும் இல்லை. அவற்றுக்கு அடியில் இருக்கும் தசையிலும் இணைப்புத் திசுவிலும்தான் இருக்கின்றன.

அப்படியானால் கட்டியில் ஏன் குறைந்தது? ஆரோக்கியமான குடல் துணுக்கில் தசையும் இணைப்புத் திசுவும் நிறைய வரும். கட்டித் துணுக்கில் புற்றுச் செல்கள் அடைத்துக்கொண்டு, தசைக்கு இடமில்லாமல் போகும். அளக்கப்பட்டது மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் வீழ்ச்சி அல்ல, துணுக்கில் தசையின் பங்கு. ஒருபோதும் இல்லாத ஒன்றை எந்தச் செல்லும் இழக்க முடியாது. இழக்காததைத் திருப்பிக் கொடுப்பது சிகிச்சை என்று பத்தாண்டுக்கு மேல் எழுதினார்கள். இன்றும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2005-இல் டாட் கோலுப் குழு பல வகைக் கட்டிகளில் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை அளந்தபோது, இயல்பான திசுவைவிடக் கட்டிகளில் அவை பொதுவாகவே குறைந்திருப்பதைக் கண்டது. செல் முதிர முதிர இவை கூடும். கட்டியிலோ முதிராத செல்கள் அதிகம். ஆகவே எந்தக் கட்டியை எடுத்தாலும் 'இறங்கிய' மைக்ரோ ஆர்.என்.ஏ. ஒன்று நிச்சயம் சிக்கும். கண்டுபிடிப்பு உறுதியாகிவிட்ட தேடல் இது. அதனால்தான் முனைவர் பட்டத்துக்கு அது இவ்வளவு தோதான தலைப்பாக இருக்கிறது.

தோதான தலைப்பு மோசடிக்கும் தோதாகிவிட்டது. சிட்னியில் ஜெனிஃபர் பைர்ன் என்ற புற்றுநோய் ஆய்வாளர் மனித மரபணு பற்றிய கட்டுரைகளில் கொடுக்கப்பட்ட ஆர்.என்.ஏ., டி.என்.ஏ. வரிசைகளை எழுத்தெழுத்தாகச் சரிபார்க்கத் தொடங்கினார். இந்த மரபணுவை அடக்கும் வரிசை என்று எழுதியிருப்பார்கள், பார்த்தால் அது வேறு மரபணுவுக்கு உரியதாக இருக்கும், அல்லது எதற்குமே உரியதாக இருக்காது. 2022-இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வு, இப்படித் தவறான வரிசைகள் கொண்ட 700-க்கும் மேற்பட்ட கட்டுரைகளை அடையாளம் காட்டியது. அவர்கள் சோதித்த தொகுப்புகளில் மிர்-145 பற்றிய கட்டுரைகளும் ஒன்று. காசுக்குக் கட்டுரை தயாரித்துக் கொடுக்கும் கூடங்கள் இந்தத் துறையைத் தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியமில்லை. ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ., ஒரு மரபணு, ஒரு புற்று என்று மூன்றையும் மாற்றி மாற்றி அடுக்கினால் கட்டுரை தயார். பட்டியலின் பெயர்களே நம்பத் தக்கவையா என்பதும் கேள்விதான். பொதுத் தரவுத்தளத்தில் மனிதருக்கென்று பதிவான 1,881 மைக்ரோ ஆர்.என்.ஏ. மரபணுக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவற்றுக்கே வலுவான ஆதாரம் உண்டு என்று 2015-இல் பாஸ்டியன் ஃபுரோம் குழு காட்டியது. மீதியில் பெரும்பகுதி ஏதோ உடைந்த ஆர்.என்.ஏ. துண்டு. அவற்றின் பெயரிலும் புற்றுநோய்க் கட்டுரைகள் இருக்கின்றன.

சிகிச்சைக்கு வருகிறேன். இங்கே விளைவு காகிதத்தோடு நிற்கவில்லை.

பி-53 என்ற புரதம் புற்றுக்கு எதிரான மிக முக்கியமான காவல் என்பது பலருக்கும் தெரிந்திருக்கும். 2007-இல் பல ஆய்வகங்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில், பி-53 மிர்-34 குடும்பத்தை நேரடியாகத் தூண்டுகிறது என்று கண்டன. எல்லோருக்கும் உற்சாகம். பி-53 மரபணு கெட்டுப்போன கட்டிகளுக்கு மிர்-34-ஐக் கொடுத்தால் இழந்த காவல் திரும்பிவிடும் என்ற எண்ணம் பிறந்தது. டெக்சாஸின் ஆஸ்டினில் மிர்னா தெரபியூட்டிக்ஸ் நிறுவனம் மிர்-34ஏ-வின் நகலைக் கொழுப்புக் குமிழியில் அடைத்து எம்.ஆர்.எக்ஸ்.-34 என்ற மருந்தாக்கியது. புற்றுநோயாளிகளின் உடலுக்குள் செலுத்தப்பட்ட முதல் மைக்ரோ ஆர்.என்.ஏ. நகல் அதுதான். சோதனை 2013-இல் தொடங்கியது.

அதற்கு முந்தைய ஆண்டே, 2012-இல், நியூயார்க்கில் ஆண்ட்ரியா வெஞ்சுரா ஆய்வகம் ஒரு முடிவை வெளியிட்டிருந்தது. மிர்-34 குடும்பம் முழுவதையும் நீக்கிய எலிகளை அவர்கள் உருவாக்கினார்கள். அந்த எலிகளில் பி-53 தன் வேலைகளை ஒழுங்காகச் செய்தது. தானாகப் புற்று வருவதும் கூடவில்லை. மிர்-34 இல்லாமலேயே காவல் நடக்கிறது என்றால், அதைத் திருப்பிக் கொடுத்துக் காவலை மீட்போம் என்பதற்கு எவ்வளவு பலம் மிச்சமிருக்கிறது? மிர்-34-க்குப் புற்றில் பங்கே இல்லை என்று இது காட்டவில்லை. பி-53-இன் வலக்கை அதுதான் என்ற கதையை மட்டும் இது உடைக்கிறது. மருந்துச் சோதனையோ அந்தக் கதையின் மேல்தான் நின்றது. கட்டியில் மிர்-34 உண்மையிலேயே இல்லாமல் போயிருக்கிறதா என்று பார்த்துத்தான் நோயாளியைச் சேர்க்க வேண்டும் என்ற நிபந்தனைகூட அதில் இல்லை.

85 பேருக்கு மருந்து தரப்பட்டது. உடலின் எதிர்ப்புச் சக்தி மருந்துக்கு எதிராகக் கொந்தளிக்காமல் இருக்க முன்கூட்டியே டெக்சாமெத்தசோன் ஸ்டீராய்டு கொடுத்தார்கள். அப்படியும் கொந்தளித்தது. மூவரின் கட்டி ஓரளவு சுருங்கியது. நோயெதிர்ப்புக் கோளாறால் நால்வர் இறந்தனர். 2016 செப்டம்பரில் சோதனை நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு நிறுவனம் வேறொன்றுடன் இணைந்து மறைந்தது. வேறு சிகிச்சை எதுவும் மிச்சமில்லாத நிலையில் கையெழுத்திட்டு வந்தவர்கள் அந்த நோயாளிகள். இந்தத் துறையின் மதிப்பாய்வுக் கட்டுரைகளில் அவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் 'பாதுகாப்புக் காரணங்களால் நிறுத்தப்பட்டது' என்ற ஒற்றை வரி. அதற்கு அடுத்த பத்தியிலேயே 'பிரகாசமான வாய்ப்புகள்' தொடங்கிவிடும். இது எனக்கு ஆத்திரம் தருகிறது, அதை மறைக்க வேண்டிய அவசியமும் தெரியவில்லை.

சிட்னியில் மிர்-16-ஐப் பாக்டீரியாவிலிருந்து எடுத்த நுண்பைகளில் அடைத்து, நுரையீரல் உறைப் புற்று உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2017-இல் முடிவு வந்தது. மதிப்பிட முடிந்த 22 பேரில் ஒருவருக்குக் கட்டி சுருங்கியது, 15 பேருக்குச் சில காலம் வளராமல் நின்றது. நேர்மையாக நடத்தி நேர்மையாக வெளியிட்ட சோதனை, ஆனால் முதல் கட்டம்தான். தோலைத் தாக்கும் நிணநீர்ப் புற்றில் மிர்-155-ஐ அடைக்கும் கோபோமார்சென் இரண்டாம் கட்டம் வரை போனது. 2020 இறுதியில் மிராஜென் நிறுவனம் வணிகக் காரணம் சொல்லி அதைக் கைவிட்டது. எந்த நோய்க்கும் ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ. மருந்துகூட இதுவரை அனுமதி பெறவில்லை.

இங்கே ஒரு பதில் தயாராக வைத்திருப்பார்கள்: மூலக்கூறில் குறையில்லை, அதைக் கட்டிவரை கொண்டுசேர்ப்பதுதான் சிக்கல், வாகனம் கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்பார்கள். அதற்குச் சான்றாகப் பாட்டிசிரானைக் காட்டுவார்கள். அது குறுக்கிடும் ஆர்.என்.ஏ. வகையில் 2018-இல் அமெரிக்க அனுமதி பெற்ற முதல் மருந்து. கொண்டுசேர்ப்பது கடினம் என்பது உண்மைதான். பாட்டிசிரான் எங்கே போகிறது, என்ன செய்கிறது என்று பாருங்கள். ரத்தத்தில் ஏற்றும் கொழுப்புக் குமிழிகளை உறிஞ்சுவதில் முதலிடம் கல்லீரலுக்கு. இந்த மருந்தும் அங்கேதான் போகிறது. அங்கே ஒரே ஒரு புரதத்தின் உற்பத்தியைக் குறைக்கிறது. அது குறிவைக்கும் நோய்க்குக் காரணமும் அந்த ஒரு புரதம்தான். கல்லீரல் செல்களில் பத்தில் ஒன்று தப்பினாலும் நோயாளிக்குப் பயன் உண்டு. புற்றில் பத்தில் ஒன்று தப்பினால் அந்த ஒன்றிலிருந்து கட்டி மீண்டும் வளரும். மைக்ரோ ஆர்.என்.ஏ.வால் அடக்கப்படுவதும் ஒரு புரதம் அல்ல, நூற்றுக்கணக்கானவை. எந்தத் திசுவில் எது அடங்கும் என்று முன்னால் சொல்ல முடியாது. நல்ல வாகனம் கிடைத்தால் இந்தச் சிக்கல் இன்னும் ஆழமாக உள்ளே போகுமே தவிரத் தீராது.

வெள்ளமாகப் பாய்ச்சுவதன் ஆபத்தும் புதிதாகத் தெரியவந்தது அல்ல. ஸ்டான்ஃபோர்டில் மார்க் கே ஆய்வகத்தில் டிர்க் கிரிம் 2006-இல் வெளியிட்ட எலி ஆய்வில், கல்லீரலுக்குள் செலுத்திய 49 குட்டை ஆர்.என்.ஏ. வடிவங்களில் 36 கல்லீரலைக் காயப்படுத்தின, 23 எலிகளைக் கொன்றன. வெளியிலிருந்து வந்தவை செல்லின் சொந்த மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் பயன்படுத்தும் பாதையை அடைத்துக்கொண்டதே காரணம் என்று அவர்கள் கண்டார்கள். எம்.ஆர்.எக்ஸ்.-34-இல் நடந்தது வேறு வகை, நோயெதிர்ப்புச் சிக்கல். இரண்டையும் ஒன்றாக்க மாட்டேன். நுண்ணிய அளவில் ஒழுங்கு காக்கும் ஓர் அமைப்புக்குள் ஏதோ ஒன்றைக் கொட்டினால் அமைப்பு சும்மா இருக்காது என்பதை மட்டும் அந்த எலி ஆய்வு 2006-லேயே சொல்லிவிட்டது.

ஒரு சொட்டு ரத்தப் பரிசோதனை இன்னும் நம்மூருக்கு நெருக்கமானது, ஏனென்றால் காசு கொடுக்கத் தயாராக இருப்பவர்களிடம் அது நேராகப் போய்ச் சேரக்கூடியது. 2008-இல் சியாட்டிலில் முனீஷ் தேவாரி குழு, ரத்தத்தின் தெளிநீரில் மைக்ரோ ஆர்.என்.ஏ. சிதையாமல் நிலைத்திருக்கிறது என்றும், புராஸ்டேட் புற்று உள்ளவர்களிடம் மிர்-141 கூடியிருக்கிறது என்றும் காட்டியது. அதன் பிறகு எல்லாப் புற்றுக்கும் ரத்தக் குறியீடுகள் வரிசைகட்டின. நான்கே ஆண்டுகளில் அதே தேவாரியின் குழுவே எச்சரிக்கையும் விடுத்தது. அதுவரை திடக் கட்டிகளுக்கு ரத்தக் குறியீடு என்று அறிவிக்கப்பட்டவற்றில் 79-ஐ எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் 46 ரத்தச் செல்களிலேயே ஏராளமாக இருப்பவை.

இது நடைமுறையில் எப்படி ஏமாற்றும் என்பதைக் கிட்டே போய்ப் பார்த்தால்தான் புரியும். நோயாளியின் ரத்தம் வார்டில் எடுக்கப்படுகிறது. மெல்லிய ஊசி, நரம்பு கிடைக்காமல் இரண்டு முறை குத்தல், சிரிஞ்சை வேகமாக இழுத்தல். குழாய் மேசைமேல் வெயிலில் காத்திருக்கிறது; யாராவது எடுத்துப் போய் மையவிலக்கியில் சுற்றும்போது மணிக்கணக்காகிவிடும். மேலே தேங்கும் தெளிநீர் வைக்கோல் மஞ்சளாக இருக்க வேண்டும், லேசான ரோஜா நிறத்தில் இருக்கிறது. சிவப்பணுக்கள் உடைந்திருக்கின்றன, அவ்வளவுதான். ஆனால் சிவப்பணுவில் மிர்-451-உம் மிர்-16-உம் நிரம்பி வழிகின்றன. கண்ணுக்கு நிறம் தெரியாத அளவு உடைவும் அளவீட்டைப் புரட்டிப்போடும். ஒப்பீட்டுக்கான 'ஆரோக்கியமான' ரத்தமோ ஆய்வகத்து மாணவர்களிடம் எடுத்து அங்கேயே சுற்றப்பட்டது, தெளிவாக இருக்கிறது. பி.சி.ஆர். கருவியில் இரண்டுக்கும் இரண்டு சுழற்சி வித்தியாசம் வந்தால் நான்கு மடங்கு ஏற்றம் என்று அர்த்தம். கட்டுரை தயார். இதில் இன்னொரு கொடுமை, மாறாத அளவுகோல் என்று பல ஆய்வகங்கள் எடுத்துக்கொண்டது மிர்-16-ஐத்தான். அளவுகோலே ஏறினால் மற்றவை எல்லாம் இறங்கியதாகக் காட்டும்.

மார்பகம், நுரையீரல், குடல், கணையம் என்று எங்கே கேட்டாலும் குறியீடாகச் சொல்லப்படும் மிர்-21 இதயம் தழும்பேறும்போதும் ஏறுகிறது, சிறுநீரகம் கெடும்போதும் ஏறுகிறது. எல்லா நோயிலும் ஏறும் ஒன்று எந்த நோயையும் காட்டிக்கொடுக்காது. கட்டிகள் குமிழிகளில் மைக்ரோ ஆர்.என்.ஏ.வை நிரப்பித் தூரத்து உறுப்புகளுக்குச் செய்தி அனுப்புகின்றன என்ற கதைக்கும் 2014-இல் எண்ணிக்கை வந்தது. எந்த மைக்ரோ ஆர்.என்.ஏ.வை எடுத்தாலும் சராசரியாக ஒரு குமிழிக்கு ஒரு மூலக்கூறுகூட இல்லை.

வேலை செய்யும் ஒரு ரத்தக் குறியீடு உண்டு. விந்தகப் புற்றில் மிர்-371 என்பதை 2019-இல் கிளாஸ்-பீட்டர் டீக்மன் தலைமையிலான ஆய்வு 616 நோயாளிகளிடம் சோதித்தது. நோயுள்ளவர்களில் 90.1 சதவீதத்தினரை அது பிடித்தது, நோயில்லாதவர்களில் 94 சதவீதத்தினரைச் சரியாக விலக்கியது. இது ஏன் வென்றது என்பதில்தான் பாடமே இருக்கிறது. மிர்-371 கருவின் தொடக்க நாள்களுக்கு உரியது. வளர்ந்த ஆணின் உடலில் அது வர வேறு இடமில்லை. சிவப்பணுவில் இல்லை, தசையில் இல்லை. கட்டியை எடுத்ததும் ரத்தத்தில் விரைந்து சரிந்துவிடுகிறது. டெரட்டோமா என்ற வகையை அதனால் பிடிக்க முடிவதில்லை, அதையும் ஆய்வாளர்கள் சேர்த்தே சொல்லிவிட்டார்கள். ஏறியது எதுவோ அதையெல்லாம் வாரிப்போட்ட பட்டியலால் கிடைத்த வெற்றி இல்லை இது.

நோய் அறிகுறியே இல்லாதவர்களிடம் போகும்போது கணக்கு மேலும் கடுமையாகும். 95 சதவீதம் துல்லியம் என்று விளம்பரப்படுத்தக்கூடிய ஒரு பரிசோதனையை ஒரு லட்சம் பேருக்குச் செய்வதாக வைத்துக்கொள்வோம். அவர்களில் 200 பேருக்குப் புற்று இருக்கட்டும். 190 பேரைப் பரிசோதனை பிடிக்கும். புற்றே இல்லாத 4,990 பேருக்கும் 'இருக்கிறது' என்று சொல்லும். பயந்து நிற்கும் 27 பேரில் ஒருவருக்குத்தான் உண்மையில் நோய். மற்ற 26 பேரும் ஸ்கேனுக்கும் பயாப்சிக்கும் நகையை அடகு வைத்துக்கொண்டிருப்பார்கள்.

நோயை முன்கூட்டியே கண்டறியும் முறைக்கு என்ன ஆதாரம் கேட்க வேண்டும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே முன்மாதிரி இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் கருப்பைவாய்ப் புற்றுக்கு நடந்த சோதனை அது. கருப்பைவாயில் 4 சதவீத அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெளுக்கும் இடத்தைப் பயிற்சி பெற்ற செவிலியர் கண்ணால் பார்த்தார்கள். தேவைப்பட்டவர்களுக்கு அங்கேயே சிகிச்சை. சுமார் 49,000 பெண்கள் அந்தப் பிரிவில் இருந்தார்கள், சுமார் 31,000 பேர் ஒப்பீட்டுப் பிரிவில். பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்து 2007-இல் முடிவை வெளியிட்டார்கள்: நோய் வருவது 25 சதவீதமும் இறப்பு 35 சதவீதமும் குறைந்திருந்தது. எத்தனை உயிர் மிஞ்சியது என்ற கேள்விக்கு நேராகப் பதில் சொன்ன சோதனை. எந்த மைக்ரோ ஆர்.என்.ஏ. ரத்தப் பரிசோதனையும் இந்தக் கேள்வியின் பக்கத்தில்கூட இன்னும் வரவில்லை. அதை விற்க வருபவரிடம் திண்டுக்கல்லைக் காட்டிக் கேளுங்கள்.

இப்படியெல்லாம் எழுதினால் அடிப்படை ஆய்வுக்கு வரும் பணம் நின்றுவிடும் என்று சில ஆய்வாளர்கள் வருத்தப்படுகிறார்கள். எனக்கு அதற்கு நேர்மாறான வருத்தம். குட்டி ஆர்.என்.ஏ.வுக்கும் புற்றுக்கும் உள்ள உறவில் மிக உறுதியான உண்மை ஒன்று இந்த இரைச்சலில் கேட்கப்படாமலே போகிறது. மைக்ரோ ஆர்.என்.ஏ.வை அதன் கடைசி வடிவத்துக்கு வெட்டித் தரும் நொதி டைசர். நுரையீரலில் ஒரு வகைப் புற்று, ப்ளூரோபல்மனரி பிளாஸ்டோமா என்று பெயர், பெரும்பாலும் ஆறு ஏழு வயதுக்குள் வருவது. இது வரும் குடும்பங்களில் டைசர்-1 மரபணுவின் ஒரு பிரதி பிறவியிலேயே கெட்டிருக்கிறது என்று 2009-இல் தெரியவந்தது. கட்டிக்குள் மற்றப் பிரதியிலும் ஒரு மாற்றம் சேர்கிறது. அது எங்கே வேண்டுமானாலும் வருவதில்லை, நொதியின் வெட்டும் முனையில் சில குறிப்பிட்ட எழுத்துகளிலேயே மீண்டும் மீண்டும் வருகிறது. விளைவாக, இரண்டு கைகளாக மடிந்திருக்கும் மூல ஆர்.என்.ஏ.வில் ஒரு கைப் பகுதி மட்டும் வெட்டப்படாமல் போகிறது, லெட்-7 குடும்பம் அந்தக் கையில்தான் இருக்கிறது. நொதி முழுவதும் ஒழிந்தால் செல் தழைப்பது கடினம். இந்த அரைகுறைச் சேதம்தான் புற்றாகிறது. ஏற்ற இறக்கப் பட்டியலின் யூகம் எதுவும் இங்கே தேவைப்படவில்லை. 13-ஆம் குரோமோசோமைப் போலவே டி.என்.ஏ.வே வாக்குமூலம் தருகிறது.

இந்த அறிவு இன்றே உயிர் காக்கிறது. இந்தப் புற்று முதலில் நுரையீரலில் வெறும் காற்றுப்பையாக, நீர்க்கட்டி போலத் தோன்றுகிறது. அந்த நிலையிலேயே அறுத்து எடுத்தால் பெரும்பாலான குழந்தைகள் பிழைக்கிறார்கள். திடக் கட்டியாக முற்றிய பிறகு வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. ஆகவே ஒரு குழந்தைக்கு டைசர்-1 கோளாறு தெரிந்தால், அதே குடும்பத்தில் அந்த மரபணுவைச் சுமக்கும் மற்றக் குழந்தைகளுக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே மார்பு எக்ஸ்-ரேயும் சி.டி. ஸ்கேனும் எடுக்க வேண்டும் என்று சர்வதேசப் பரிந்துரை 2018-லேயே வந்துவிட்டது. பிறவி நீர்க்கட்டி என்று அறுவை செய்து வீட்டுக்கு அனுப்பப்படும் குழந்தைகள் நம்மிடமும் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குப் புற்று இருக்காது. சிலருக்கு இருக்கலாம். வெட்டி எடுத்த திசுவை அந்தக் கண்ணோடு பார்க்கவும், சந்தேகம் வந்தால் டைசர்-1 மரபணுவைச் சோதிக்கவும், தம்பி தங்கைகளை வரச்சொல்லவும் குழந்தை அறுவை மருத்துவர்களும் நோயியல் மருத்துவர்களும் இப்போதே தொடங்கலாம். அதற்கு எந்தக் கொழுப்புக் குமிழியும் கண்டுபிடிக்கப்பட வேண்டியதில்லை.